கையிலடித்துக் கொடுக்காத சத்தியம்

உண்மையைச் சொன்னால் இதை நான் எழுதாமலே விட்டிருப்பேன். ஒன்பதாம் வகுப்போடு பாடசாலைக்குக் கும்பிடு போட்டவன் நான். பேனாவைப் பிடித்தால் கை ஸ்பேனரைத் தேடுகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வண்டியைக் கழுவப் போய்விடுவேன். இந்த ஒரு மாதத்தில் என் ஆட்டோ பளபளத்த மாதிரி வாங்கின நாளில்கூடப் பளபளக்கவில்லை. சரி, இனிக் கழுவ ஒன்றும் மிச்சமில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நடந்தது போன வருஷம், பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது. இடம் மடுல்சீமையிலிருந்து மேலே ஏறுகிற தேயிலைத் தோட்டப் பாதை. பாதை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். குழிகளுக்கு நடுவில் அங்கங்கே கொஞ்சம் தார் இருக்கும். அதில்தான் நான் பாடசாலை ஹயர் ஓடுகிறேன். காலையில் மேல் டிவிஷன் லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளிகளின் வரிசை வீடுகளிலிருந்து, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்ப் பாடசாலையில் கொட்டுவேன். மத்தியானம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவேன். போகும்போதும் வரும்போதும் வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறேன். அவர்கள் எனக்கு வைத்தது 'பைலட்'. வண்டி ஓடுவதைவிடப் பறப்பதுதான் அதிகமாம்.

அந்தக் கூட்டத்தில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வருவான். அதனால் அவன் 'மந்திரி'. ஹயரில் வருகிற பிள்ளைகளில் மூத்தவனுக்கு டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்காருகிற உரிமை உண்டு. போலீஸ்காரர் பார்த்தால் பைன் எழுதுவார், ஆனால் எங்கள் பாதைக்கு அவர் வருவதற்கே இன்னொரு ஆட்டோ பிடிக்க வேண்டும். அந்த இடம் மந்திரியுடையது. நான் ஒன்று சொன்னால் அவன் இரண்டு சொல்லுவான்.

"என்னா மந்திரி, இன்னைக்கு எங்க தெறப்பு விழா?"

"ஒங்க வண்டிக்கு மூணாவது கியர் விழுற அன்னைக்கு வச்சிருக்கேண்ணே. பேரப்புள்ளைங்களோட வர்றேன்."

இப்படித்தான் எங்கள் காலைகள் போகும்.

பரீட்சைக்கு முன்னால் பாடசாலையில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். பிள்ளைகள் மனம் உடைந்து தங்கள் உயிரை மாய்த்துக்கொள்ளப் போகாமல் எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றியது. பிள்ளைகளுக்கு வகுப்பு வகுப்பாகப் பேசினார்கள். ஒரு நாள் எங்களையும் கூப்பிட்டார்கள். கென்டீன் நடத்துகிற அக்கா, பஸ் கொண்டக்டர், ஹயர் ஓடுகிற நானும் என் கூட்டாளியும். கூட்டாளி என்றால், ஸ்டேண்டில் என் வண்டிக்குப் பின்னால் வண்டியைப் போடுகிறவன். நான் கிண்டலை ஆரம்பித்தால் முடித்து வைப்பவன். பணிஸும் பிளேன்டீயும் தருவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இரண்டு பேரும் போனோம்.

எங்களுக்குப் பேசியவர் அந்தப் பாடசாலையிலேயே பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லுகிற டீச்சர். சின்ன உருவம். குரலும் சின்னக் குரல்.

"பெத்தவங்க விடிய முன்ன பெரட்டுக்குப் போயிருவாங்க," என்றார். எங்கள் பக்கத்தில் காலையில் தொழிலாளிகளைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதைத்தான் பெரட்டு என்போம். "அந்தியில கொழுந்த தராசுல நிறுத்துட்டு வரும்போது ஒடம்புல தெம்பு இருக்காது. வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல புள்ளைங்க மொகத்த பாக்குறது நீங்கதான்."

நான் கையைத் தூக்கினேன். "டீச்சர், பெட்ரோல் வெலைய பாத்தா எனக்கே வாழ்க்க வெறுத்துப் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். கூட்டாளி மேசையைத் தட்டினான். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கோபப்படவுமில்லை. என் கிட்ட வந்து நின்று, கண்ணைப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"நெசமாவா சொல்றீங்க தம்பி? சாகணும்னு யோசிச்சிருக்கீங்களா?"

 என் வாய்க்குள் பணிஸ் இருந்தது. அதை அவசரமாக விழுங்கினேன்.

"இல்ல டீச்சர். சும்மா."

"சரி. சும்மாவா இருந்தாலும் கேப்பேன். இப்பிடித்தான் கேக்கணும். சுத்தி வளைச்சு கேக்காதீங்க. கேட்டா அந்த நெனப்ப நாம உண்டாக்கிருவோமோன்னு பயப்படாதீங்க, அப்பிடி ஆகாது. மனசுக்குள்ள வச்சிருக்கவன் யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருப்பான்."

பிறகு இன்னும் மூன்று விஷயம் சொன்னார். அப்படி ஒரு பிள்ளை ஆமாம் என்று சொன்னால் ஒரு நிமிஷமும் தனியே விடக்கூடாது. உடனே பொறுப்பான ஒருவருக்குச் சொல்ல வேண்டும். அதோடு, ரகசியம் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது.

"நம்ம தோட்டத்துல கையிலடிச்சு சத்தியம் பண்ணிட்டா செத்தாலும் மீற மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன். புள்ள கைய நீட்டுனா அடிச்சிராதீங்க."

வெளியே வந்ததும் நானும் கூட்டாளியும் டீச்சர் மாதிரிப் பேசிப் பேசிச் சிரித்தோம். அவ்வளவுதான், மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மந்திரி ஒரு மாதிரியானான். நான் ஒன்று சொன்னால் பதிலுக்கு ஒன்றும் வராது. லேசாகச் சிரிப்பான், வெளியே பார்ப்பான். படிப்புத் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் பக்கத்து இடத்தை எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தான். "இனிமே இவனே ஒக்காரட்டும்ணே" என்றான். அந்த இடத்துக்காக அவன் அதற்கு முந்திய வருஷம் போட்ட சண்டை எனக்குத்தான் தெரியும். அப்போதும் நான் கிண்டல்தான் செய்தேன். "மந்திரி ராஜினாமா!" என்று கத்தினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்த மத்தியானம் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிக்கொண்டே போனேன். மேல் லயத்துக்காரன் அவன் ஒருவன்தான், கடைசியில் இறங்குவான். அவனுக்கு முன்னால் இறங்கிய பையனின் கையில் ஒரு கொம்பாஸ் பெட்டி இருந்தது. மூடியில் மந்திரியின் முதலெழுத்து சுரண்டி எழுதியிருந்தது.

"என்னாடா, மந்திரி சொத்த ஆட்டையப் போட்டியா?"

"இல்லண்ணே, அவருதான் குடுத்தாரு. வச்சுக்க, எனக்கு வேணாம்னாரு."

பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. கணக்குப் பாடம் எழுதப் போகிறவன் கொம்பாஸ் பெட்டியைக் கொடுப்பானா? என் முதுகில் ஏதோ ஊர்ந்தது. அட்டை என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். அட்டை இல்லை.

மேல் லயம்வரை வண்டி போகாது. படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தினேன். அவன் இறங்கினான். வழக்கமாகத் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறவன் நின்றான்.

"அண்ணே, நான் எப்பவாச்சும் வாய்க்கு வாய் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்கண்ணே. நீங்க நல்லவங்க."

என்னை நல்லவன் என்று என் அம்மாகூடச் சொன்னதில்லை. நான் ஏதோ உளறினேன். என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. வண்டியைத் திருப்பிக் கொஞ்ச தூரம் இறங்கிவிட்டேன். இடம் கொடுத்தது, பெட்டி கொடுத்தது, மன்னிப்புக் கேட்டது என்று மூன்றும் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. லயத்தில் இப்போது யாருமே இருக்க மாட்டார்கள். அவன் அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறார், நிறுத்துவிட்டு வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அந்தப் பாதையில் ஆட்டோவைத் திருப்ப முன்னும் பின்னும் ஏழெட்டுத் தடவை ஆட்ட வேண்டும். அன்றைக்கு எப்படித் திருப்பினேன் என்று தெரியாது. மேலே வந்தபோது அவன் படிக்கட்டில் பாதி ஏறியிருந்தான். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஹோர்ன் அடித்தேன்.

"தம்பி! கொஞ்சம் நில்லு."

அவனை நான் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை. அதற்காகவே நின்றிருப்பான். நான் ஏறி அவனுக்கு இரண்டு படி கீழே நின்றேன்.  ஊரெல்லாம் வம்பு பேசுகிற வாய், ஒரு கேள்வியைக் கேட்க முடியாமல் ஒட்டிக்கொண்டது.

"நேராவே கேக்குறேன். சாகணும்னு யோசிக்கிறியா?"

அவன் சிரித்தான். "என்னாண்ணே, புது ஜோக்கா? நல்லா இல்ல."

"ஜோக்கு இல்ல."

"ஒங்க மொகத்துக்கு இது செட் ஆகலண்ணே. போங்க."

எத்தனை வருஷம் சிரிக்க வைத்துச் சம்பாதித்த பெயர்! அது இப்போது குறுக்கே வந்து நின்றது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவன் சிரித்துவிட்டான், நான்தான் பைத்தியக்காரன் மாதிரிப் பயப்படுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் டீச்சர் அன்றைக்கு என் பதில் வரும்வரை நகராமல் நின்றது ஞாபகம் வந்தது. நானும் நகரவில்லை. இன்னொரு தரம் கேட்டேன், அதே வார்த்தைகளில்.

அவன் சிரிப்பு மெதுவாக இறங்கியது. படியில் உட்கார்ந்தான்.

"ஆமா," என்றான். "கொஞ்ச நாளா."

 நானும் உட்கார்ந்தேன். அவன் முகத்தைப் பார்க்காமல் கீழே தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். காலையில் எழும்புவதே பாரமாக இருக்கிறதாம். படித்தால் ஒரு வரி ஏறவில்லையாம். அப்பா போனில் ரிசல்ட்டைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லையாம். அம்மாவின் கை வெடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் தான் ஒரு சுமை என்று தோன்றுகிறதாம். எது முதலில் தொடங்கியது என்று அவனுக்கே தெரியவில்லை. நான் புத்தி சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்ல எனக்குப் புத்தி ஒன்றும் அகப்படவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவன் என் பக்கம் திரும்பி உள்ளங்கையை நீட்டினான்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கண்ணே. மாரியம்மன் மேல."

என் கை தானாகவே எழும்பிவிட்டது. எங்கள் தோட்டத்தில் நீட்டிய கையை வெறுமனே விடுவது, சோற்றுத் தட்டை நீட்டியவனுக்கு ஒன்றும் போடாமல் போகிற மாதிரி. பாதி வழியில் கையை இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"அடிக்க மாட்டேண்டா."

"என்னாது?"

"இதுக்கு சத்தியம் பண்ண மாட்டேன்."

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். "தெரியும். போய் ஸ்டேண்ட்ல சொல்லி சிரிப்பீங்க. நாளைக்கு ஊரே சிரிக்கும்."

"ஸ்டேண்ட்ல சொல்ல மாட்டேன். டீச்சர்ட்ட சொல்லுவேன். ஒன் முன்னாடி வச்சே சொல்லுவேன்."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினான். நான் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. எப்படி இருக்கும்? அந்தப் பக்கத்தில் போன் பேச வேண்டுமென்றால் கீழே மதகடிச் சந்திக்குப் போக வேண்டும். தோட்டம் முழுக்க அங்கே நின்றுதான் வெளிநாட்டுக்குப் பேசும். டீச்சர் சொன்னதில் இன்னும் இரண்டு விஷயம் பாக்கி. தனியே விடாதே, உடனே சொல். எங்கள் மலையில் இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்று டீச்சருக்கு யார் சொல்வது? சொல்லப் போனால் அவனை விட வேண்டும். விடாமல் நின்றால் சொல்ல முடியாது. கத்திக் கூப்பிட்டால் மேல் மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கேட்கும். முழு கேங்கும் ஓடி வரும். நாளைக்கு அவன் வெளியே தலைகாட்ட முடியாது.

எனக்கு நல்ல புத்தி இல்லை, குறும்புப் புத்திதான் உண்டு. அதுதான் வேலை செய்தது. படியில் குதித்து இறங்கி வண்டியை ஸ்டார்ட் பண்ணி, முன் சில்லைப் பாதையோரக் கானுக்குள், அந்த மழைநீர் வாய்க்காலுக்குள், இறக்கினேன்.

ஏன் என்றால், எங்கள் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கானில் இறங்கினால் யாராக இருந்தாலும் கை கொடுத்தே ஆக வேண்டும். ஒரே லயத்தில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத இரண்டு வீட்டுக்காரர்கள்கூடத் தோளோடு தோள் சேர்த்துத் தள்ளிவிட்டு, பேசாமல் அவரவர் வழியில் போவார்கள். தள்ளு என்று கேட்டவனை விட்டுப் போனவன் என்று ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

லேசாகத்தான் இறக்க நினைத்தேன். மழையில் கான் ஓரம் இளகியிருந்தது. வண்டி சரிந்து, சில்லு முழுக்கச் சேற்றுக்குள் போய், கண்ணாடி ஒன்று பாறையில் மோதி உடைந்தது. பொய்யாக மாட்டிக்கொள்ளப் போய் நிஜமாகவே மாட்டிக்கொண்டேன்.

"தம்பி! வண்டி எறங்கிருச்சு! கொஞ்சம் வாடா!"

பனிக்குள் அவன் தெரியவில்லை. காலடிச் சத்தமும் கேட்கவில்லை. வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடுவதற்குக் காலைத் தூக்கியபோது பனிக்குள்ளிருந்து வந்து நின்றான். வண்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"வேணும்னே எறக்குனீங்கதானே?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் தயாராகவும் இருந்தது. "ஆமா," என்றேன். "ஆனா இப்ப நெசமாவே மாட்டிக்கிச்சு."

 அவன் பையைக் கல்லின் மேல் வைத்தான். மடிப்புக் கலையாத சட்டையின் கையை மடித்தான்.

"தூக்கும்போது கியர நியூட்ரல்ல போடுங்கண்ணே. போன தடவ மாதிரி கியர்ல வச்சுக்கிட்டு தள்ளு தள்ளுன்னு கத்தாதீங்க."

இரண்டு பேரும் தூக்கினோம். முழங்கால்வரை சேறு. சில்லு மேலே வந்தது. "ஏறு," என்றேன். "மதகடி வரைக்குந்தான். சிக்னலுக்கு." ஏறமாட்டான் என்றுதான் நினைத்தேன். ஏறினான். ஏன் ஏறினாய் என்று வெகு நாளைக்குப் பிறகு கேட்டேன். "வேணும்னே எறக்குனேன்னு ஒத்துக்கிட்டீங்கல்ல, அதான்" என்றான்.

மதகடிக்கு வந்ததும் சீட்டிலிருந்து இறங்காமல், அவன் காதுபடவே, டீச்சர் அன்றைக்குக் கொடுத்திருந்த நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது தரம் எடுத்தார். பின்னால் பஸ் சத்தம். நான் பெயரைச் சொன்னதுமே, "தம்பி, நான் பஸ்ல இருக்கேன், இப்ப வெளையாட்டு வேணாம்" என்றார்.

"மாரியம்மன் சத்தியமா வெளையாட்டு இல்ல டீச்சர்."

பின் சீட்டில் இருந்தவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குப் பண்ண மறுத்த சத்தியத்தை டீச்சருக்குப் பண்ணினேன். விஷயத்தையும் நிற்கிற இடத்தையும் சொன்னேன். 

"பக்கத்துல இருக்கானா?"

"இருக்கான்."

"போன அவன்ட்ட குடுங்க. நான் வர்ற வரைக்கும் நீங்க எங்கயும் நகராதீங்க."

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு "ம்... ம்... சரி டீச்சர்" என்றான். டீச்சர் என்ன சொன்னாரோ, அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. போனைத் திருப்பித் தந்தபோது கட்டாகியிருந்தது.

காத்திருந்தோம். மழை தூற ஆரம்பித்தது. நான் இறங்கவுமில்லை, பாட்டுப் போடவுமில்லை. கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கொஞ்சம் அசைந்தாலும் திரும்பிப் பார்ப்பேன்.

"அண்ணே, ஏதாச்சும் பேசுங்கண்ணே. நீங்க பேசாம இருந்தா எனக்கே பயமா இருக்கு."

ஒரு பகிடி சொல்லிப் பார்த்தேன். பாதியில் முடிவு மறந்துபோயிற்று. "இதுக்கு நீங்க சும்மாவே இருந்திருக்கலாம்," என்றான். அந்த நிமிஷம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அப்போது பார்த்து கங்காணி குடையோடு குறுக்கு வழியில் இறங்கி வந்தார். அவர் காதில் விழுந்தால் தேநீர் வேளைக்குள் கடைசி லயம்வரை போய்விடும்.

"என்னாடா இங்க நிக்கிற? பின்னால யாரு?"

"கான்ல எறங்கிருச்சு கங்காணி. இவன்தான் தூக்கி விட்டான். பாருங்க சேத்த."

"நீ ஓட்டுற ஓட்டுக்கு கான் என்னா, கொளத்துலயே எறங்குவ."

"கங்காணி, ஒரு ஒதவி. இவங்க அம்மாவ கொஞ்சம் வரச் சொல்லுங்க. பரீட்ச விஷயமா டீச்சர் பேச வர்றாங்க."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பி ஏறினார். அம்மா என்றதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மாட்டயுமா?" என்று கேட்டான். "டீச்சர் வரட்டும்," என்றேன். எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் வந்து சேர்ந்தது என் கூட்டாளியின் ஆட்டோவில். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி அவனைப் பிடித்திருக்கிறார். டீச்சர் நேராக என் வண்டிக்குள் ஏறிப் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து வெளியே போகச் சொல்லித் தலையசைத்தார். நான் மழையில் நின்றேன். கூட்டாளி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒருவன் கானில் விழுந்தால் ஒரு வாரம் ஸ்டேண்டில் கதை சொல்லுகிறவன், உடைந்த கண்ணாடியைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் அம்மா கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு ஓடி வந்தார். டீச்சர் இறங்கி அவரைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினார். எனக்குக் கேட்கவில்லை. அந்த அக்கா முதலில் கோபமாகக் கையை ஆட்டினார். பிறகு அப்படியே மதகுக் கட்டில் உட்கார்ந்தார். பிறகு குரல் உயர்ந்தது.

"முனி அடிச்சிருக்கு டீச்சர். அந்த ஓடப் பக்கம் போகாதன்னு சொன்னேன். பூசாரிட்ட கூட்டிப் போயி ஒரு கயிறு கட்டுனா சரியாப் போயிரும்."

டீச்சர் மறுக்கவில்லை. அது என்னால் மறக்க முடியாதது. "கயிறும் கட்டுங்க அக்கா. நான் வேணான்னு சொல்லல. ஆனா இன்னைக்கு மொதல்ல டாக்டரு. நாளைக்கு கயிறு. ரெண்டுக்கும் சண்ட இல்லை" என்றார்.

அந்த அக்கா எழும்பி வந்து வண்டிக்குள் தலையை நீட்டி மகனைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "சாப்புட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். கொழுந்துக் கறை பிடித்த கையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தார். அது இன்னும் பரவியது.

பதுளை ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிப்போனேன். பைலட் அன்றைக்குப் பறக்கவில்லை. பின்னால் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டாளி வெறும் வண்டியோடு பதுளைவரை எங்களுக்குப் பின்னாலேயே வந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "ஒன் வண்டிய நம்ப முடியாது" என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனோடு தனியாக வெகு நேரம் பேசினார். அம்மாவோடும் பேசினார். இது ஒரு நோய் மாதிரிதான், கவனித்தால் குறையும், கிளினிக்குக்கு ஒழுங்காக வர வேண்டும் என்று சொன்னாராம். வீட்டில் அவனைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்வதற்கு டீச்சரும் அம்மாவும் ஏற்பாடு செய்தார்கள். அப்பா கொழும்பிலிருந்து வந்து கொஞ்ச நாள் நின்றார். ரிசல்ட்டைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்று டீச்சர் சொல்லி வைத்ததால், மனிதர் மகனோடு என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்து, கடைசியில் அவனோடு கரம் போர்டு விளையாடினாராம்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மந்திரி என்மேல் கடுங்கோபத்தில் இருந்தான். வெகு நாள் என் வண்டியில் ஏறவில்லை. அந்த மேட்டை நடந்தே ஏறி இறங்கினான். நான் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் தலையைத் திருப்பிக்கொள்வான். அது வலித்தது. ஆனால் கோபப்படுவதற்கு அவன் இருந்தான். இன்றைக்கும் சில நாள் அவன் முகம் இருண்டு கிடக்கும். அந்த நாட்களில் நான் கேட்பேன். அவன் "இன்னைக்கு அவ்வளவு மோசமில்லண்ணே" என்பான், அல்லது "டீச்சருக்கு அடிங்க" என்பான். பரீட்சை எழுதினான். ரிசல்ட் என்னவென்று நான் சொல்லப் போவதில்லை. அவன் அப்பாவே கேட்கவில்லை, உங்களுக்கு எதற்கு?

நடந்ததை நான் ஸ்டேண்டில் சொல்லவில்லை. இங்கே எழுதுவதும் அவன் சம்மதத்தோடுதான். "பேர் போடாம எழுதுங்க, ஆனா நான்தான் வண்டிய தூக்குனேன்னு போடுங்க" என்றான். போட்டுவிட்டேன்.

கூட்டாளி மட்டும் அதைப் பற்றி அடிக்கடி கேட்பான். பெட்ரோல் அடிக்கும்போது கேட்பான், டயர் மாற்றும்போது கேட்பான். "அவன்ட்ட எப்பிடிடா கேட்ட? கேட்டதும் அவன் என்னா சொன்னான்?" நான் ஒவ்வொரு தரமும் வீரக்கதை மாதிரி விலாவாரியாகச் சொல்வேன். இதை எழுதும்போதுதான் உறைத்தது. கதையைக் கேட்கிற ஆசை என்றால் ஒரு தரம் கேட்பான், இரண்டு தரம் கேட்பான்.

அந்தக் கேள்வியை ஒரு தரம் வாயால் கேட்டுப் பழகியவனுக்கு அதன் பிறகு யாருடைய சிரிப்பையும் அப்படியே நம்பிவிட்டுப் போக முடிவதில்லை. அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், அதை இன்னும் சுமந்துகொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன். நேற்று கூட்டாளியின் வண்டி கராஜில் இருந்ததால் அவன் என் வண்டியில் வந்தான், எனக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு. ஏதோ பகிடி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் சிரிக்கவில்லை. டீச்சர் கேட்ட மாதிரியே, அதே வார்த்தைகளில், அவனைக் கேட்டேன். அவன் சிரிப்பை நிறுத்திப் பாதையைப் பார்த்தான்.

"வண்டிய ஓரமா போடு மச்சான், சொல்றேன்."